கரடியின் குற்றமா, குடிலின் குற்றமா?

மலைக்காட்டில் ஒரு குடிலை வாடகைக்கு எடுத்துச் சில நாள் தங்குவதும், முதுகில் மூட்டை சுமந்து நடந்து சென்று ஏரிக்கரையில் உறங்குவதும் அமெரிக்க மக்களுக்கு மிகவும் பிடித்த கோடைக்காலப் பொழுதுபோக்குகள். எந்த வழியில் செல்வது, எங்கே இடம் கிடைக்கும், என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்று கூறும் வழிகாட்டி நூல்கள் அங்கே ஏராளம். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் நூல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. மலைக் குடிலும் கூடாரமும் மனிதனுக்கு என்ன தருகின்றன என்பதை அது சொல்லவில்லை. அவை காட்டு விலங்குக்கு என்ன கற்றுக்கொடுக்கின்றன என்பதைச் சொல்கிறது. ஆனால், சொல்ல வந்ததைத் தன் தலைப்பாலேயே பாதி மறைத்துவிடுகிறது. இதுவே நம் விமர்சனத்தின் சாரம்.

நூலின் பெயர் 'நைட் ஆஃப் த கிரிஸ்லீஸ்'. 'கிரிஸ்லிக் கரடிகளின் இரவு' எனலாம். எழுதியவர் ஜாக் ஓல்சென் என்னும் பத்திரிகையாளர். வெளிவந்த ஆண்டு 1969. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இன்றும் அது படிக்கப்படுகிறது. கரடி என்றவுடன் பல அமெரிக்கர்களின் நினைவுக்கு வரும் நூல்களுள் அதுவும் ஒன்று. ஆகவே அதைச் சற்று நிறுத்தி நிதானமாக ஆராய்வது பயனுடையது.

நடந்தது என்ன?

அமெரிக்காவின் வடமேற்கில், கனடா எல்லையை ஒட்டி, மான்டானா மாநிலத்தில் ராக்கி மலைத்தொடர்மீது அமைந்தது கிளேசியர் தேசியப் பூங்கா. கிளேசியர் என்றால் பனியாறு. 1910ஆம் ஆண்டில் இப்பூங்கா நிறுவப்பட்டது. அதன் அருகே சென்ற கிரேட் நார்தர்ன் இரயில்வே நிறுவனம், பயணிகளைக் கவர்வதற்காக மலையின் பல இடங்களில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாணியில் தங்கும் குடில்களைக் கட்டியது. குதிரையில் ஒரு நாள் பயணம் செய்து ஒரு குடிலை அடையலாம். மறுநாள் அடுத்த குடிலுக்குப் புறப்படலாம். பிற்காலத்தில் மலைக்குக் குறுக்கே மோட்டார்ச் சாலை வந்தது. குதிரைப் பயணம் குறைந்தது. பல குடில்கள் மறைந்தன. எஞ்சியவற்றுள் ஒன்று, 1914-15இல் கல்லால் கட்டப்பட்ட கிரானைட் பார்க் குடில். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், நடந்தோ குதிரையிலோ மட்டுமே சென்றடையக்கூடிய இடத்தில் அது நிற்கிறது.

1967 ஆகஸ்ட் 13ஆம் நாள். நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகவில்லை. குடிலுக்குக் கீழே சில நூறு கஜ தூரத்தில் இருந்த முகாம் திடலில், உறக்கப் பைகளுக்குள் படுத்திருந்த இருவரை ஒரு கிரிஸ்லிக் கரடி தாக்கியது. இளைஞன் படுகாயத்துடன் பிழைத்தான். 19 வயதுப் பெண் இறந்துபோனாள். அதே இரவு, விடிவதற்குச் சற்று முன்பு, சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ட்ரவுட் ஏரிக்கரையில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு குழுவினரை மற்றொரு கிரிஸ்லிக் கரடி தாக்கியது. அங்கும் 19 வயதுப் பெண் ஒருத்தி உயிரிழந்தாள். இருவரும் கோடை விடுமுறையில் பூங்காவில் வேலைக்கு வந்திருந்தவர்கள்.

பூங்கா நிறுவப்பட்ட நாளிலிருந்து 57 ஆண்டுகளாக அங்கே கரடியால் ஒருவர்கூட இறந்ததில்லை. பின் ஒரே இரவில் இரண்டு மரணங்கள்! நாடே அதிர்ந்தது.

ஓல்செனின் திறமை

அந்தக் கோடைக்காலம் முழுவதையும் நாள்வாரியாகத் திரட்டித் தருகிறார் ஓல்சென். ஒரு பக்கம் கிரானைட் பார்க், மறுபக்கம் ட்ரவுட் ஏரி என மாறி மாறி நம்மை அழைத்துச் செல்கிறார். மொழி எளிமையானது, துப்பறியும் கதைபோல் வேகமானது. அதைவிடப் பெரிய சிறப்பு, அவர் உண்மையை மூடி மறைக்கவில்லை என்பது. பூங்கா நிர்வாகத்தின் மெத்தனத்தை அவர் வெளிப்படையாகவே எடுத்துக்காட்டுகிறார்.

அவர் காட்டும் உண்மைகளைப் பாருங்கள். கிரானைட் பார்க் குடிலில் தங்குவோருக்குச் சமைத்துப் போட்டார்கள். மிஞ்சிய உணவை எரிப்பதற்கு ஓர் உலை இருந்தது. ஆனால், சேர்ந்த குப்பைக்கு அந்த உலை போதவில்லை. மிச்சம் மீதியைக் குடிலுக்குப் பின்புறம் கொட்டினார்கள். இரவுதோறும் கிரிஸ்லிக் கரடிகள் அதைத் தின்ன வந்தன. விருந்தினர்கள் அவற்றைக் காணக் காத்திருந்தார்கள்! கரடி வருகை அக்குடிலின் ஒரு கவர்ச்சியாகவே ஆகிவிட்டது. வனக்காவலர்களும் இதனை அறிந்தே இருந்தார்கள்.

ட்ரவுட் ஏரியின் கதையும் வேறன்று. மக்டொனால்டு ஏரியின் வடமுனையில் கோடைக்காலக் குடில்கள் சில இருந்தன. மெலிந்த கரடி ஒன்று அங்கே வந்து குப்பைத் தொட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தது. ட்ரவுட் ஏரிக்கரையில் தங்கியவர்களை விரட்டி அவர்களுடைய உணவையும் அது பறித்தது. முறையீடுகள் சென்றன. கோடை முழுவதும் உருப்படியான நடவடிக்கை எதுவும் இல்லை. ஆகஸ்ட் 12ஆம் நாள் மாலையிலும் அக்குழுவினரின் உணவைக் கரடி கவர்ந்து சென்றது. இரவில் மீண்டும் வந்தது.

இத்தனையும் நூலுக்குள்ளேயே இருக்கின்றன. அப்படியானால் நம் குறை யாது?

தலைப்பு செய்யும் தவறு

கிரானைட் பார்க் என்ற பெயரே ஒரு பிழை என்பது வேடிக்கையான செய்தி. கிரானைட் என்பது பூமிக்கு அடியில் மெல்லக் குளிர்ந்து உறையும் கருங்கல் வகை. அவ்விடத்தில் காணப்படும் கரிய பாறையோ பண்டைக் காலத்தில் வழிந்தோடி உறைந்த எரிமலைக் குழம்பு. பெயர் வைத்தவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

நூலின் தலைப்பும் அத்தகையதே. 'கிரிஸ்லிக் கரடிகளின் இரவு' என்றவுடன் படிப்பவர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் விழுகின்றன. ஒன்று, நடந்தது ஓர் இரவின் நிகழ்ச்சி. மற்றொன்று, அதைச் செய்தவை கரடிகள். ஓல்சென் தந்துள்ள விவரங்களோ இவ்விரண்டையும் மறுக்கின்றன. அது ஓர் இரவில் முளைத்ததன்று; பல கோடைகளாக வளர்ந்தது. அதை வளர்த்தவை கரடிகளும் அல்ல. மனிதனின் எச்சிற்சோறு வளர்த்தது. திகில் கதையின் வடிவத்தை ஆசிரியர் தேர்ந்தெடுத்ததால், வாசகர் குப்பைமேட்டைத் தாண்டி அந்த இரவை நோக்கி ஓடுகிறார். பக்கத்தைப் புரட்டும் விரல்களுக்குக் காரணங்களை எண்ணிப் பார்க்கப் பொறுமை இருப்பதில்லை.

இது வெறும் நடை பற்றிய குறை என்று நினைக்க வேண்டாம். 'ஏன் அந்த இரவு?' என்று கேட்பவருக்கு ஒரு வகையான விடை வேண்டும். 'ஏன் அந்தக் கோடை?' என்று கேட்பவருக்கு வேறு வகையான விடை வேண்டும். முதற்கேள்வியைக் கேட்டவர்கள் எங்கே சென்று சேர்ந்தார்கள் தெரியுமா? கோடை வறட்சியும் மின்னலும் கரடிகளை வெறிகொள்ளச் செய்தன என்றார்கள் சிலர். பெண்கள் பூசிய வாசனைப் பொருள்களே காரணம் என்றார்கள் சிலர். மாதவிலக்கின் மணம் கரடியை இழுத்தது என்ற ஊகமும் பரவியது. காட்டுக்குச் செல்லும் பெண்கள் இதனால் பல ஆண்டுகள் எச்சரிக்கப்பட்டார்கள். 1991இல் வெளியான மின்னசோட்டா ஆய்வு ஒன்று, கருங்கரடிகள் அம்மணத்தைப் பொருட்படுத்தவில்லை எனக் காட்டியது. கிரிஸ்லிக் கரடிகளைப் பொறுத்தும், தாக்குதலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என நிறுவும் சான்று எதுவும் கிடைக்கவில்லை. குப்பை கொட்டியவர்களை விட்டுவிட்டு, இறந்துபோனவர்களின் உடலில் குற்றம் தேடியது எவ்வளவு பெரிய அநீதி!

தற்செயலைக் கணக்கிடுவோம்

'57 ஆண்டுகள் ஒன்றுமில்லை. பிறகு ஒரே இரவில் இரண்டு. இது தற்செயலாக இருக்க முடியுமா?' என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை.

ஓரிடத்தில் ஓர் இரவில் தாக்குதல் நேரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று எனக் கொள்வோம். ஒன்றையொன்று சாராத இரண்டு இடங்களிலும் அதே இரவில் நேரும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. கோடைக்காலத்தின் 90 இரவுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அது சுமார் 11,000இல் ஒன்றுதான். மிக அரிது!

இனி, நாள்தோறும் உணவு கொடுத்துக் கரடிகளைப் பழக்கி, ஒவ்வோர் இடத்திலும் வாய்ப்பை இருபதில் ஒன்றாக உயர்த்திவிட்டோம் எனக் கொள்வோம். இரண்டும் ஒரே இரவில் நேரும் வாய்ப்பு நானூற்றில் ஒன்றாகிறது. 90 இரவுகளில் ஒரு முறையேனும் அவ்வாறு நேரும் வாய்ப்போ ஏறத்தாழ ஐந்தில் ஒன்று! கரடிகள் தம்முள் கூடிப் பேசவில்லை. மின்னல் கட்டளையிடவும் இல்லை. இரண்டு இடங்களிலும் ஒரே தவறு தனித்தனியே நடந்தது. இரண்டு அடுப்புகளில் எரிவாயு கசிந்துகொண்டிருக்கையில், இரண்டும் ஒரே நாளில் தீப்பற்றினால் நாம் வியக்க வேண்டியது நாளைக் குறித்தன்று, கசிவைக் குறித்தே.

கரடி எவ்வாறு கற்கிறது?

பழனி மலைப் படிகளில் ஏறியவர்கள் குரங்குகளின் செயலைக் கண்டிருப்பீர்கள். கையில் பை இருந்தால் போதும், பறிக்க வந்துவிடும். பையினுள் உணவு உண்டு என அதற்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? முன்பு அங்கே சென்ற நம்மவர்தாம். கரடியின் செய்தியும் இதுவே. குரங்கு பறித்தால் பை போகும். கிரிஸ்லிக் கரடி பறிக்க வந்தால் உயிர் போகலாம்.

கரடியின் நிலையிலிருந்து சிந்திப்போம். குளிர்காலத்தில் சுமார் ஐந்து மாதங்கள் அது உண்ணாமல் குகையில் கிடக்க வேண்டும். அதற்கு வேண்டிய கொழுப்பைக் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் சேர்த்தாக வேண்டும். கிழங்குகள், காட்டுப் பழங்கள், பூச்சிகள் எல்லாம் அதற்கு உணவு. உயர்ந்த பாறைச் சரிவுகளில் கற்களைப் புரட்டி, அவற்றின் அடியில் ஒதுங்கியிருக்கும் அந்துப்பூச்சிகளையும் தின்னும். ஒரு நாளில் 40,000 பூச்சிகள் வரை ஒரு கரடி தின்னக்கூடும் என இதே பூங்காவில் நடந்த ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஒரு பூச்சியில் அரைக் கிலோகலோரி அளவு ஆற்றல் உண்டு. நாள் முழுவதும் உழைத்தால் 20,000 கிலோகலோரி. ஒரு கிலோ பன்றிக் கொழுப்பிலோ 9,000 கிலோகலோரி இருக்கிறது. அஃதாவது 18,000 பூச்சிகளுக்குச் சமமான உணவு, கல்லைப் புரட்டாமல், குடிலின் பின்புறத்தில் இலவசமாகக் கிடைக்கிறது! அதை நாடி வராத கரடிதான் முட்டாள் கரடி.

இங்கே இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, பயம் தெளிதல். மனிதன் அருகில் இருந்தும் தீங்கு நேராததால் கரடி அவனைப் பொருட்படுத்தாமல் விடுகிறது. இரண்டாவது, உணவுப் பழக்கம். மனிதனின் மணமே உணவின் அறிகுறியாகிவிடுகிறது. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த கரடியே மிகவும் ஆபத்தானது. தாயோடு இரண்டு மூன்று ஆண்டுகள் திரியும் குட்டிகள் தாயிடமிருந்தே இப்பாடத்தைக் கற்றுக்கொள்கின்றன. கனடா நாட்டு அறிஞர் ஸ்டீபன் ஹெர்ரெரோ 1985இல் வெளியிட்ட கரடித் தாக்குதல்கள் பற்றிய நூல் இதனைப் பல நிகழ்ச்சிகளைத் தொகுத்து விளக்குகிறது. ஓல்செனைப் படிப்பவர்கள் அதையும் சேர்த்துப் படித்தல் நலம். ஓல்சென் நம்மை அஞ்ச வைக்கிறார். ஹெர்ரெரோ எதற்கு அஞ்ச வேண்டும் எனச் சொல்லித் தருகிறார்.

பயன் ஒருவருக்கு, விலை மற்றொருவருக்கு

நூல் தொட்டும் தொடாமலும் விட்டுச்செல்லும் செய்தி ஒன்று உண்டு. நம் பார்வையில் அதுவே மிக முக்கியமானது.

குப்பைமேட்டால் பயனடைந்தவர் யார்? வேடிக்கை பார்த்த குடில் விருந்தினர். அவர் உறங்கியது தடித்த கல் சுவருக்குள். அந்தக் கேளிக்கைக்கு விலை கொடுத்தவர் யார்? சில நூறு கஜம் கீழே, கரடிகள் நடமாடும் சரிவில், வானமே கூரையாக உறங்கியவர். குடிலில் இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். கதறல் கேட்டு ஓடி உதவியவர்கள் அவர்கள்தாம். அன்று அங்கே தங்கியிருந்த மருத்துவமும் தெரிந்தவர்கள் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முயன்றார்கள், முடியவில்லை. நல்லவர்கள் கூடி இருந்தும், எவரும் தீங்கு நினையாமலும், ஒரு கொடிய ஏற்பாடு அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்துவந்தது. ஆபத்தை உண்டாக்குபவன் ஒருவன், அனுபவிப்பவன் மற்றொருவன் என்றால் அந்த ஏற்பாடு எளிதில் திருந்துவதில்லை. ஆலைக் கழிவு ஆற்றில் கலந்து கீழ்க்கரை ஊரைச் சென்றடைவதும் இதே இலக்கணத்தின்படிதான்.

விலை கொடுத்தவற்றுள் கரடிகளும் உண்டு. அடுத்த சில நாள்களில் இரு இடங்களிலும் கரடிகள் சுட்டுக்கொல்லப்பட்டன. ட்ரவுட் ஏரிக் கரடியைப் பொறுத்தவரை, தாக்கியது அதுவே என்பதற்கு உடற்கூறு ஆய்வில் சான்று கிடைத்தது. கிரானைட் பார்க்கில் அத்தகைய உறுதி கிட்டவில்லை. குப்பை தின்னக் கற்றதற்கு அவை பெற்ற பரிசு துப்பாக்கிக் குண்டு.

அதன் பின்?

அதற்குப் பிறகு பூங்காவின் வழக்கங்கள் மாறின. கொண்டுசென்ற பொருளின் மிச்சத்தைக் கொண்டுசென்றவரே திரும்ப எடுத்துவர வேண்டும் என்ற விதி வந்தது. காட்டுக்குள் இரவு தங்க அனுமதிச் சீட்டுத் தேவையாயிற்று. சமைக்கும் இடம் வேறு, உறங்கும் இடம் வேறு எனப் பிரிக்கப்பட்டன. உணவை எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட ஏற்பாடு செய்யப்பட்டது. கரடி நடமாடும் பாதைகளைத் தற்காலிகமாக மூடும் முறையும் ஏற்பட்டது.

ஆனால், நீண்ட நாள் பழக்கத்தை ஒரேயடியாக வெட்டுவதிலும் ஆபத்து உண்டு. தெற்கே உள்ள யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடிகள் குப்பை தின்பதைக் காண முன்னொரு காலத்தில் வரிசை இருக்கைகளே போட்டிருந்தார்கள். அங்கிருந்த குப்பைமேடுகள் 1970ஆம் ஆண்டையொட்டி விரைந்து மூடப்பட்டன. 1959 முதல் அங்கே கரடிகளை ஆராய்ந்துவந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள், படிப்படியாக மூட வேண்டும் என வாதாடினார்கள். அவர்கள் சொல் ஏற்கப்படவில்லை. உணவு தேடி முகாம்களுக்கும் ஊர்களுக்கும் வந்த கரடிகள் பல கொல்லப்பட்டன. 1975இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் கிரிஸ்லிக் கரடி, அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பல்லாண்டுப் பாதுகாப்புக்குப் பின்னரே யெல்லோஸ்டோன் பகுதியில் அதன் தொகை மீண்டும் பெருகியது. தவறு செய்வது எளிது. தவற்றிலிருந்து மீள்வதற்கும் அறிவியல் தேவை.

கிரானைட் பார்க் குடில் இன்றும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால், அங்கே தங்குவோர் தம் உணவுக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும். தாமே சமைக்க வேண்டும். மிஞ்சிய குப்பையைத் தம் முதுகிலேயே சுமந்து இறங்க வேண்டும். வாடகை கொடுத்தவன் விருந்தாளி என்ற நிலை மாறி, காட்டுக்குப் பொறுப்பாளி என்ற நிலை வந்திருக்கிறது. மலைக் குடிலின் வரலாற்றில் இதுவே உண்மையான முன்னேற்றம்.

ஆகவே, ஓல்செனின் நூலைப் படியுங்கள். நன்கு எழுதப்பட்ட நூல் அது. தலைப்பை மட்டும் மனத்தில் திருத்திக்கொண்டு படியுங்கள். இரவு என்ற இடத்தில் கோடை என்று வையுங்கள். கரடி என்ற இடத்தில் குப்பை என்று வையுங்கள். விலங்கு மனிதனைத் தாக்கியது என்ற செய்தியை இனி எங்கே படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதற்கு முந்தைய நாள்களில் அங்கே என்ன நடந்துவந்தது? அதனால் பயனடைந்தவர் யார்? விலை கொடுத்தவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தராத செய்தி, எவ்வளவு விறுவிறுப்பாக எழுதப்பட்டிருந்தாலும், பாதிச் செய்திதான்.